42.34 மீட்டரில் ஒரு குரல்: பிரிட்டிஷ் போலீஸை அலையவிட்ட உஷா மேத்தாவும் ஒரு ஆன்டெனா கணக்கும்

ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீடு. ஹாம் ரேடியோ பரீட்சை பாஸ் பண்ணி லைசன்ஸும் வாங்கியாச்சு, செட்டும் வந்தாச்சு. அடுத்து வர்ற கேள்வி எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆன்டெனாவை எங்கே கட்டுறது, எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம்?

நம்ம ஊர்ப் பெரியவர்கள் இதை ‘ஏரியல்’ என்பார்கள். மொட்டை மாடியில் ரெண்டு மூங்கில் நட்டு, நடுவே செம்புக் கம்பி இழுத்து, சிலோன் ரேடியோ கேட்ட காலத்துப் பெயர் அது.

இதே கேள்வி 1942 ஆகஸ்ட் மாதம் பம்பாயில் 22 வயசுப் பெண் ஒருத்தி முன்னால் வந்து நின்றது. அவரிடம் லைசன்ஸ் கிடையாது. யாரிடமுமே கிடையாது. 1939ல் இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் இந்தியாவில் இருந்த அமெச்சூர் ரேடியோக்காரர்களின் அனுமதியை ரத்து செய்து, ஒலிபரப்பும் கருவிகளை ஒப்படைக்கச் சொல்லிவிட்டது பிரிட்டிஷ் அரசு. அந்தச் சூழலில் ஒரு வீட்டு மாடியில் இருந்து ஒலிபரப்புவது என்றால் மாட்டினால் ஜெயில். ஆன்டெனா நன்றாக வேலை செய்யச் செய்ய, மாட்டும் வாய்ப்பும் கூடும்.

அந்தப் பெண் உஷா மேத்தா. 2024ல் ஓடிடியில் வந்த ‘ஏ வதன் மேரே வதன்’ படத்தில் சாரா அலி கான் நடித்தது இவர் கதையைத்தான். படம் பார்த்தவர்களுக்கும் ரேடியோ பக்கத்துக் கதை முழுசாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஜட்ஜ் வீட்டுப் பெண்

உஷா பிறந்தது 1920 மார்ச் 25ல், குஜராத்தில் சூரத் பக்கம் சரஸ் என்ற கிராமத்தில். அப்பா பிரிட்டிஷ் ஆட்சியில் நீதிபதி. அரசாங்கச் சம்பளத்தில் ஓடும் குடும்பம். ஐந்து வயதில் காந்தியைப் பார்க்கிறார். 1928ல் சைமன் கமிஷனுக்கு எதிரான ஊர்வலத்தில் கோஷம் போடும்போது வயது எட்டு.

அந்த வயதில் நடந்த ஒரு சம்பவத்தை உஷா பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். குழந்தைகள் கொடி பிடித்துப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி. ஒரு சிறுமி கொடியோடு கீழே விழுந்துவிட்டாள். கொடி தரையில் விழுந்ததுதான் பிள்ளைகளுக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. என்ன செய்யலாம்? கொடியின் மூன்று நிறத்திலும் துணி தைத்து உடுத்திக்கொண்டு மறுபடி தெருவுக்கு வந்தார்கள். இனி கொடியைப் பிடுங்க முடியாது, கீழே தள்ளவும் முடியாது. தடுத்தால் வேறு வழி யோசிக்கும் புத்தி அப்போதே இருந்திருக்கிறது.

மகள் இப்படி அலைவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஒரு நீதிபதியின் நிலைமை அப்படி. 1930ல் அவர் ஓய்வு பெற்றதும் அந்தத் தடை தளர்ந்தது. 1932ல் குடும்பம் பம்பாய்க்கு வந்தது. வில்சன் காலேஜில் தத்துவம் படித்து 1939ல் பட்டம். அடுத்து சட்டம். அந்தப் படிப்பை 1942 பாதியில் நிறுத்தியது.

செய்தி செத்த நேரம்

1942 ஆகஸ்ட் 8ந் தேதி பம்பாய் கோவாலியா டேங்க் மைதானத்தில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம். 9ந் தேதி விடியும் முன்பே காந்தி, நேரு, படேல் என்று தலைவர்கள் அத்தனை பேரும் கைது. காந்தியின் ‘ஹரிஜன்’ பத்திரிகை நின்றது. மற்ற பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அரசாங்கத்தின் ஆல் இந்தியா ரேடியோவில் என்ன வரும், என்ன வராது என்று சொல்லவே வேண்டாம். உஷாவின் கூட்டாளிகள் அதை ஆன்டி இந்தியா ரேடியோ என்று கிண்டலாகக் கூப்பிட்டார்கள்.

நிலைமை புரிய கொங்கு நாட்டு உதாரணம் ஒன்று போதும். ஆகஸ்ட் 26ந் தேதி ராத்திரி கோயம்புத்தூர் பக்கம் சூலூர் விமான தளத்துக்குப் போராட்டக்காரர்கள் தீ வைத்தார்கள். அடுத்த நாட்களில் கிராமம் கிராமமாகப் போலீஸ் தேடல், கைது. இந்த அளவு பெரிய சம்பவம் நாட்டின் இன்னொரு மூலையில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? தந்தி அரசாங்கத்துடையது, பத்திரிகைக்குத் தணிக்கை. வாய் வழியாகப் போகும் செய்தி ஊருக்கு ஊர் உருமாறும்.

இந்த இடைவெளியைத்தான் உஷாவும் நண்பர்களும் குறிவைத்தார்கள். சொந்தமாக ஒரு ரேடியோ நிலையம். பாபுபாய் எனப்பட்ட விட்டல்தாஸ் காக்கர், விட்டல்பாய் ஜவேரி, சந்திரகாந்த் ஜவேரி ஆகியோர் உள்வட்டம். கருவிகளும் டெக்னீஷியன்களும் கிடைக்க உதவியவர் சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் நானக் மோட்வானி. காங்கிரஸ் கூட்டங்களுக்கு மைக் செட் கட்டிய அதே நிறுவனம். தலைமறைவாக இருந்த ராம் மனோகர் லோகியா, அச்யுத் பட்வர்தன் ஆகியோரும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். பெயர் காங்கிரஸ் ரேடியோ.

முதல் ஒலிபரப்பு நடந்ததாகப் பரவலாகச் சொல்லப்படும் தேதி ஆகஸ்ட் 27. சூலூர் எரிந்ததற்கு அடுத்த நாள். ஆரம்பத்தில் அறிவிப்பு சொன்ன குரல் உஷாவுடையது. காங்கிரஸ் ரேடியோ இது, 42.34 மீட்டரில் பேசுகிறது, இந்தியாவில் எங்கோ ஓர் இடத்தில் இருந்து. இவ்வளவுதான் முகவரி.

அந்த 42.34க்கு என்ன அர்த்தம்?

ரேடியோ அலையின் நீளம் அது. அலைநீளத்தைச் சொன்னால்தான் கேட்பவர் தன் செட்டில் முள்ளைத் திருப்பி நிறுத்த முடியும். இன்றைய கணக்கில் மாற்றினால் சுமார் 7.08 மெகாஹெர்ட்ஸ். இன்றைக்கு இந்திய ஹாம்களுக்கு அனுமதிக்கப்பட்ட 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ‘40 மீட்டர் பேண்ட்’ இருக்கிறதே, அதற்குள்ளேயே இது விழுகிறது. ஆனைமலை தோப்பில் ஒயர் கட்டப் பார்க்கிறவர் நிற்கப்போவதும் இதே இடத்தில்தான்.

ஹாம்கள் 160, 80, 40 மீட்டர் பேண்டுகளை ‘லோ பேண்ட்’ என்பார்கள். அதிர்வெண் குறைவு, அதனால் அலை நீளம். அலை நீளமானால் ஆன்டெனாவும் நீளம். வீட்டில் வைப்பதில் தலைவலியே அங்கேதான்.

அடிப்படை விதி சிம்பிள். நடுவில் கேபிள் இணைத்த ‘டைபோல்’ ஆன்டெனாவுக்கு அலைநீளத்தில் பாதி வேண்டும். 42.34ல் பாதி 21.17 மீட்டர். உண்மையான கம்பியில் சுமார் 5 சதவீதம் குறைத்து வெட்டணும் என்பதால் 20 மீட்டர். 80 மீட்டர் பேண்டுக்குப் போனால் 40 மீட்டர் கம்பி. 160க்குப் போனால் 80 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு தெருவின் நீளம். பம்பாய் ஃபிளாட்டோ, கோவை ஃபிளாட்டோ, அதற்கெல்லாம் வாய்ப்பே இல்லை. 20 மீட்டரை மட்டும் ஒரு பெரிய வீட்டு மாடியில் எப்படியாவது அடக்கிவிடலாம்.

நீளம் சரி, உயரம்? இதில்தான் பலபேர் கோட்டை விடுவார்கள். 7 மெகாஹெர்ட்ஸ் அலை பூமியை ஒட்டிச் சில பத்து கிலோமீட்டர்தான் போகும். அதற்கு மேலே போகணும் என்றால் வானத்துக்கு ஏறி, சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரணும். எந்தக் கோணத்தில் ஏறுகிறதோ அதைப் பொறுத்து எங்கே இறங்கும் என்பது முடிவாகும். கம்பி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் பெரும்பகுதி நேர் மேலே போய், பக்கத்து மாவட்டங்களில் மழை மாதிரி இறங்கும். 20 மீட்டருக்கு ஏற்றினால் சுமார் 30 டிகிரி சாய்வில் கிளம்பும். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி இறங்க அந்தக் கோணம்தான் வேண்டும்.

பம்பாய்க்கும் ஆனைமலைக்கும் நேர்கோட்டில் தூரம் எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்ட அதே ஆயிரம் கிலோமீட்டர்.

ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை, இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒலிபரப்பினார்கள். பிறகு அதைச் சாயங்காலம் 7.30க்கும் 8.30க்கும் இடையில் ஒரே முறை என்று குறைத்தார்கள். வேலை முடிந்து ஆட்கள் வீட்டில் இருக்கும் நேரம். ரேடியோ கணக்கிலும் அது நல்ல நேரம். பகலில் அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு இந்த அலைகளை உறிஞ்சிவிடும். சூரியன் இறங்கியதும் அந்த அடுக்கு கரைந்துபோகும், 40 மீட்டரில் தூரம் திறக்கும். இன்றைக்கும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் இந்த பேண்டில் கூட்டம் அள்ளுவது இதனால்தான்.

வீடு மாற்றி வீடு

தூரம் போனால் ஆள் கேட்பான். ஆனால் போலீஸும் கேட்கும்.

போலீஸ் கையில் திசை கண்டுபிடிக்கும் கருவி பொருத்திய வண்டிகள் இருந்தன. அதன் தத்துவம் ஒரு வளைய ஆன்டெனா. வளையத்தைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு நிலையில் சத்தம் சட்டென்று விழுந்துவிடும். அந்த நிலையை வைத்து, ஒலிபரப்பு எந்தக் கோட்டில் இருக்கிறது என்று சொல்லலாம். இரண்டு இடத்தில் நின்று இரண்டு கோடு போட்டால், அவை வெட்டும் இடத்தில் நிலையம். வானத்தில் பட்டு வரும் அலையை வைத்து இப்படிக் கோடு போட்டால் பிசகும். நகருக்குள் பூமியை ஒட்டி வரும் அலையோ நேராகக் காட்டிக்கொடுத்துவிடும். பம்பாய்க்காரனுக்குக் கேட்கணும் என்றால், பம்பாய் போலீஸுக்கும் திசை தெரியத்தான் செய்யும்.

தப்பிக்க இரண்டே வழி. குறைந்த நேரம் பேசணும், இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கணும். உஷாவின் குழு இரண்டையும் செய்தது. நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் இடம் வேறு, ஒலிபரப்பும் இடம் வேறு என்று பிரித்தார்கள். ஒன்று சிக்கினாலும் மற்றது தப்பும்.

சௌபாத்தி கடற்கரையில் சீ வியூ கட்டடத்தில் தொடங்கியது நிலையம். பிறகு ரத்தன் மஹால், லபர்னம் ரோட்டில் அஜித் வில்லா, சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டில் லக்ஷ்மி பவன், கிர்காவ் பக்கம் பாரேக் வாடி, கடைசியில் மஹாலக்ஷ்மி கோயில் அருகே பாரடைஸ் பங்களா. மூன்றே மாதத்தில் இத்தனை இடம்! வாடகைக்கு வீடு பிடிப்பதே பெரும்பாடாக இருக்கும் ஊரில், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் டிரான்ஸ்மிட்டர் வைக்க வீடு தேடியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கனமான கருவியைக் கழற்றி, யாருக்கும் சந்தேகம் வராமல் தூக்கிப்போய், மறுபடி பூட்டி, கம்பி இழுத்து, அன்று ராத்திரியே பேசணும்.

சிட்டகாங் மீது குண்டு வீசப்பட்டது, ஜாம்ஷெட்பூர் தொழிலாளர் வேலைநிறுத்தம், மகாராஷ்டிராவின் ஆஷ்டி, சிமூர் கிராமங்களில் நடந்த கொடுமைகள் என்று, பத்திரிகைகள் தொடத் தயங்கிய செய்திகள் காங்கிரஸ் ரேடியோவில் வந்தன. செய்தியைக் கொண்டுவந்தவர்கள் பல ஊர்களிலும் இருந்த ரகசிய ஆட்கள். தொடக்கத்தில் ‘ஹிந்துஸ்தான் ஹமாரா’, முடிவில் ‘வந்தே மாதரம்’.

நவம்பர் 12

முதலில் பாபுபாயின் ஆபீஸில் போலீஸ் நுழைந்தது. அங்கே அன்றைய நிகழ்ச்சியைத் தயார் பண்ணிக்கொண்டிருந்த உஷா, காகிதங்களோடு நழுவி, பதிவு நிலையத்துக்கு ஓடினார். லோகியா உள்ளிட்டவர்களுக்கு விஷயம் சொன்னார். டெக்னீஷியன் ஒருவர் மூலம் தகவல் கசிந்துவிட்டது என்பது தெரிந்துபோயிற்று.

சாதாரணமாக யாரும் அந்த நேரத்தில் ஊரை விட்டுத் தப்பிக்கத்தான் பார்ப்பார்கள். உஷா நேராக ஒலிபரப்பு நிலையத்துக்குக் கிளம்பினார். கூடவே சந்திரகாந்த் ஜவேரி. அன்றைய நிகழ்ச்சியை வழக்கம்போல நடத்தினார்கள். முடிவில் வந்தே மாதரம் இசைத்தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. மூன்று கதவுகளை உடைத்துக்கொண்டு, துணை கமிஷனர் தலைமையில் சுமார் 50 போலீஸார் உள்ளே வந்தார்கள். இசைத்தட்டை நிறுத்தச் சொன்னபோது இருவரும் மறுத்துவிட்டார்கள்.

இது வீரமா, அசட்டுத்தனமா என்று இன்றைக்கு உட்கார்ந்து கேட்பது சுலபம். நிலையத்தைக் காப்பாற்ற முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பேசாமல் விட்டால் ஒரு நாள் முன்னதாகவே அது செத்திருக்கும்.

அடுத்த ஆறு மாதம் சிஐடி விசாரணை. தனிமைச் சிறை. கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தால் வெளிநாட்டில் படிக்க அனுப்புகிறோம் என்றுகூட ஆசை காட்டினார்கள். உஷா வாயைத் திறக்கவில்லை. தினமும் ரேடியோவில் பேசிய பெண், விசாரணையிலும் கோர்ட்டிலும் ஊமையாகவே இருந்தார். தீர்ப்பில் பாபுபாய்க்கு 5 ஆண்டு, உஷாவுக்கு 4 ஆண்டு, சந்திரகாந்துக்கு 1 ஆண்டு. நானக் மோட்வானி விடுதலை.

பூனா எரவாடா ஜெயிலில் உடம்பு கெட்டது. பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். படுக்கையைச் சுற்றி 24 மணி நேரமும் பெண் போலீஸ் காவல். 1946 மார்ச்சில் விடுதலை. பம்பாய் மாகாணத்தில் முதலில் வெளியே வந்த அரசியல் கைதி இவர்தான். உத்தரவு போட்டவர் அன்றைய உள்துறை மந்திரி மொரார்ஜி தேசாய்.

1947 ஆகஸ்ட்டில் நாடே கொண்டாடிய ராத்திரி, உஷா படுத்த படுக்கை. டெல்லி விழாவுக்குப் போக முடியவில்லை. அரசியலுக்கும் போகவில்லை. விட்ட படிப்பைத் தொடர்ந்தார். காந்தியின் அரசியல், சமூகச் சிந்தனை பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம், வில்சன் காலேஜில் சுமார் 30 ஆண்டு வாத்தியார் வேலை, 1980ல் ஓய்வு. கதர்ச் சேலை, பஸ் பயணம், விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வேலை என்று எளிமையாகவே இருந்தார். காந்தி நினைவில்லமான மணி பவனை வளர்த்தவர்களில் ஒருவர். அந்த மணி பவன் இருப்பது எந்த ரோட்டில் தெரியுமா? லபர்னம் ரோடு. அஜித் வில்லாவில் டிரான்ஸ்மிட்டரை ஒளித்து வைத்திருந்த அதே ரோடு.

1998ல் பத்ம விபூஷண். 2000 ஆகஸ்ட் 9ந் தேதி, காய்ச்சலோடு ஆகஸ்ட் கிராந்தி மைதான நிகழ்ச்சிக்குப் போய்விட்டு வந்தார். கோவாலியா டேங்குக்கு இப்போது அதுதான் பெயர். இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 11ந் தேதி காலமானார்.

சரி, ஆனைமலை ஒயர் என்னாச்சு?

உஷாவின் குழுவுக்கு இருந்த பயம் இன்றைக்கு இல்லை. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்கினால் யாரும் கதவை உடைக்க மாட்டார்கள். அதனால் தோப்பு வைத்திருப்பவர் தாராளமாக டைபோல் கட்டலாம். குட்டை ரகத் தென்னையில் கட்டினால் உயரம் பத்தாது. வளர்ந்த நெட்டை ரகம் இரண்டு இருந்தால் 15 மீட்டருக்கு மேலேகூட ஏற்றலாம். மரம் காற்றில் ஆடும் என்பதால் கம்பியை இறுக்கிக் கட்டினால் அறுந்துவிடும். ஒரு முனையில் கப்பி போட்டு, கயிற்றின் மறுமுனையில் எடைக்கல் தொங்கவிடணும்.

கம்பி எந்தப் பக்கம் ஓடணும்? டைபோல் பக்கவாட்டில்தான் பலமாக வீசும், முனைகளின் திசையில் வீசாது. ஆனைமலைக்குத் தெற்கே மலை மறைக்கிறது, வடக்கே சமவெளி திறந்து கிடக்கிறது. மும்பை இருப்பது வடக்கில் இருந்து கொஞ்சம் மேற்கே. அதனால் கம்பியைக் கிழக்கு மேற்காகக் கட்டினால் அந்தப் பக்கம் நன்றாகப் போகும். உயரம் 10 மீட்டர்தான் கிடைக்கிறது என்றால் திசையைப் பற்றி ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி போகும். தமிழ்நாடு, கேரளா நண்பர்களோடு பேச அதுவே நல்லது.

ஒரே ஒரு கம்பம்தான் நட முடியும் என்றால், நடுவைத் தூக்கி இரு முனைகளையும் கீழே சாய்த்து, கவிழ்த்த ‘வி’ மாதிரிக் கட்டலாம். இடம் அகலமாக இல்லை, தூர தேசம்தான் பேசணும் என்றால் 10 மீட்டர் செங்குத்துக் கம்பி. ஆனால் அதற்கு அடியில் தரையில் பல திசைக்கும் கம்பிகள் பரப்பணும், சத்தமும் அதிகம் இழுக்கும். ஃபிளாட்காரர்களுக்கு ஒரு முனையில் மட்டும் கேபிள் இணைக்கும் ‘எண்ட் ஃபெட்’ ஒயர் கைகொடுக்கும், கூடவே ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வேண்டும். பால்கனி மட்டுமே இருந்தால் வளைய ஆன்டெனா. திசை தேட போலீஸ் வைத்திருந்ததற்குத் தூரத்துச் சொந்தம். சின்னதாக இருப்பதால் வீணாகும் சக்தி அதிகம், ஆனால் ஒன்றுமில்லாததற்கு அது தேவலை.

இரண்டு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். ஈபி லைன் போகும் பக்கமே கம்பி போகக்கூடாது, அறுந்து விழுந்தால்கூட லைனைத் தொடாத தூரத்தில் இருக்கணும். இடி மின்னல் வரும் முன்பே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடணும்.

கட்டி முடித்தபின் கேட்க ஒன்றும் வரவில்லை, ஒரே இரைச்சல் என்றால் ஆன்டெனாவைக் குறை சொல்லாதீங்க. முதலில் வீட்டு எல்இடி பல்பு, போன் சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர், தோட்டத்து மோட்டார் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்க. மெயினை ஆஃப் பண்ணி, செட்டை பேட்டரியில் ஓட்டினால் குற்றவாளி சீக்கிரம் சிக்கும். பிறகு சாயங்காலம் ஏழரை மணிக்கு 7.08 மெகாஹெர்ட்ஸ் பக்கம் முள்ளைத் திருப்புங்க. ஆள் இருப்பார்கள்.